ஊட்டில கார் ஹீட்டர் சூடாகலையா? டேஷ்போர்டை கழட்டறதுக்கு முன்னாடி தெர்மோஸ்டாட் இருக்கான்னு பாருங்க

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், இதே பிரச்சனை உள்ள மத்தவங்களும் படிப்பாங்க. 2003 மாடல் மாருதி ஜென் கார், மதுரைல செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, இப்ப மாத்தலாகி ஊட்டிக்கு வந்திருக்கீங்க. காலைல பிள்ளைய ஸ்கூல்ல விடப் போகும்போது ஹீட்டர் லீவரை சிவப்பு பக்கம் கடைசி வரைக்கும் தள்ளினாலும் ஜில்லுன்னு காத்துதான் வருது, முன் கண்ணாடி முழுக்க ஆவி. மெக்கானிக் ஒருத்தர் பாத்துட்டு ஹீட்டர் கோர் போச்சு, டேஷ்போர்டை இறக்கணும், நாலு நாள் வண்டிய விட்டுட்டு போங்கன்னு சொல்லிருக்கார். கடைசில நீங்களே ஒரு வரி எழுதிருக்கீங்க, "டெம்பரேச்சர் ஊசி எப்பவும் சி-க்கு கொஞ்சம் மேலதான் நிக்குது, அதனால இன்ஜின் நல்லா இருக்குன்னு நினைக்கறேன்"னு. சி-ன்னா ஆங்கிலத்துல கோல்ட், மீட்டரோட குளிர் பக்கம். அந்த ஒரு வரிலதான் எல்லாமே இருக்கு.

இப்போதைக்கு அந்த டேஷ்போர்டுல யாரையும் கை வைக்க விடாதீங்க. நான் குன்னூர்ல இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல வண்டி வேலை பாக்கறேன், கீழ இருந்து மலைக்கு வந்த பழைய வண்டில ஹீட்டர் சூடாகலைன்னு வந்தா முதல்ல நான் ஹீட்டரையே பாக்க மாட்டேன், பானெட்டை தூக்கி தெர்மோஸ்டாட் இருக்கான்னுதான் பாப்பேன். பாதிக்கு மேல வண்டில அது இருக்காது.

ஏன்னு சொல்றேன். கார் ஹீட்டருக்குன்னு தனியா சூடு பண்ற காயில் எதுவும் கிடையாது, வீட்டு ஹீட்டர் மாதிரி நினைச்சுக்காதீங்க. இன்ஜினை சுத்தி ஓடி சூடான அதே தண்ணில கொஞ்சம் ரெண்டு ரப்பர் ஹோஸ் வழியா டேஷ்போர்டுக்குள்ள இருக்கற ஒரு குட்டி ரேடியேட்டருக்கு போகும், அதுக்கு பேர்தான் ஹீட்டர் கோர், புளோவர் அது மேல காத்தை தள்ளும், அந்த காத்துதான் உங்க காலுக்கும் கண்ணாடிக்கும் வருது. அப்ப இன்ஜின் தண்ணி சூடாகலைன்னா ஹீட்டர் கோர் புதுசா தங்கத்துல செஞ்சு போட்டாலும் சூடு வராது. இன்ஜின் தண்ணிய சூடாகற வரைக்கும் ரேடியேட்டருக்கு போக விடாம பிடிச்சு வைக்கறதுதான் தெர்மோஸ்டாட்டோட வேலை. பித்தளை குப்பி ஒண்ணு, அதுக்குள்ள மெழுகு, 82 டிகிரியோ 88 டிகிரியோ வரும்போது அந்த மெழுகு உருகி விரிஞ்சு ஒரு குட்டி கம்பிய தள்ளும், வால்வ் திறக்கும், அப்பதான் தண்ணி ரேடியேட்டருக்கு போய் ஆறும். அவ்வளவுதான் அது, கரண்டும் கிடையாது வயரும் கிடையாது.

கீழ மதுரை, திருச்சி, சென்னை வெயில்ல என்ன நடக்குதுன்னா, பத்து வருஷமா பைப் தண்ணிய ஊத்தி ஊத்தி ரேடியேட்டர் உள்ள துருவும் உப்பும் பிடிச்சு அடைச்சிருக்கும், சித்திரை வெயில்ல ஏசி போட்டு டிராஃபிக்ல நின்னா ஓவர்ஹீட் ஆகும், மெக்கானிக்கிட்ட போனா ரேடியேட்டரை இறக்கி சுத்தம் பண்றதுக்கு பதிலா தெர்மோஸ்டாட்டை புடுங்கி தூரப் போட்டுட்டு "நம்ம ஊருக்கு இதெல்லாம் தேவையில்ல சார், இது ஃபாரின் குளிருக்கு வச்சது"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. இது தப்பு தம்பி, நான் எவ்வளவு பேர்கிட்ட சண்டை போட்டிருக்கேன் தெரியுமா. இன்ஜின்ங்கறது ஒரு குறிப்பிட்ட சூட்டுல ஓடறதுக்குத்தான் டிசைன் பண்ணிருக்காங்க, மதுரையா இருந்தாலும் மாஸ்கோவா இருந்தாலும் அந்த சூடு ஒண்ணுதான். தெர்மோஸ்டாட் இல்லாம ஓட்டினா இன்ஜின் குளிர்ந்தே ஓடும், எம்பிஎஃப்ஐ வண்டில, அதாவது கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் விடற வண்டில, அந்த கம்ப்யூட்டர் "இன்னும் இன்ஜின் சூடாகலை போல"ன்னு நினைச்சு பெட்ரோலை கூட கூட ஊத்திட்டே இருக்கும், மைலேஜ் போகும், எரியாத பெட்ரோல் ஆயில்ல இறங்கும், தேய்மானம் ஜாஸ்தியாகும். உங்க வண்டில ஆயில் ஊத்தற மூடிய கழட்டி அடிப்பக்கம் பாருங்க, மோர் திரிஞ்ச மாதிரி வெள்ளையா பிசுபிசுன்னு ஒட்டிருந்தா இன்ஜின் சரியா சூடேறாம ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம். (கூடவே கூலண்ட்டும், அதாவது ரேடியேட்டர் தண்ணியும் குறைஞ்சா அது ஹெட் கேஸ்கெட் விஷயம், இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற சீல், அதை பின்னாடி சொல்றேன்.) சில இன்ஜின்ல தெர்மோஸ்டாட்டோட அடித்தட்டுதான் பைபாஸ் வழிய, அதாவது ரேடியேட்டருக்கு போகாம இன்ஜினுக்கே திரும்பற வழிய மூடும், அதை எடுத்துட்டா தண்ணி பாதி ரேடியேட்டருக்கே போகாம உள்ளயே சுத்தும், ஓவர்ஹீட்டுக்கு பயந்து எடுத்தது ஓவர்ஹீட்டையே கொண்டு வரும்.

அதனால ஊசி சி-கிட்டயே நிக்கறது நல்ல அறிகுறி இல்ல. கிளம்பி பத்து நிமிஷம் ஓட்டினதும் பாதிக்கு கிட்ட வந்து அங்கயே அசையாம நிக்கணும். இன்னொண்ணு கவனிங்க, ஊட்டில இருந்து குன்னூர் பக்கம் இறங்கும்போது செகண்ட் கியர்ல ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமலே வண்டி உருளும், இன்ஜினுக்கு வேலையே இருக்காது, எதிர்க்காத்து மட்டும் ரேடியேட்டர்ல அடிச்சிட்டே இருக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டில அந்த இறக்கத்துல ஊசி சரசரன்னு கீழ விழும், ஏத்தத்துல மறுபடி கொஞ்சம் ஏறும். உங்களுக்கு அப்படி ஆகுதுன்னா தொண்ணூறு சதம் கேஸ் முடிஞ்சுது.

மீதி பத்து சதத்துக்கு கை வச்சு பாக்கணும். நாளைக்கு காலைல வண்டி ராத்திரி முழுக்க நின்னு ஜில்லுன்னு இருக்கும்போது ஆரம்பிங்க. இன்ஜின் சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய திறக்கவே கூடாது, கொதிக்கற தண்ணி பீறிட்டு முகத்துல அடிக்கும், நான் கூட வேலை பாத்த பையனுக்கு கைல தோலே உரிஞ்சிடுச்சு. குளிர்ந்த இன்ஜின்ல மூடிய திறந்து பாருங்க. ரிசர்வ் பாட்டில்ல தண்ணி இருக்கேன்னு திருப்திப்படாதீங்க, பாட்டில் நிறைய இருந்து ரேடியேட்டர் காலியா இருக்கற வண்டி நிறைய பாத்திருக்கேன், மூடியோட ரப்பர் செத்துப்போனா பாட்டில்ல இருந்து தண்ணி திரும்ப உள்ள இழுக்காது. கழுத்து வரைக்கும் நிக்கணும். கலரும் பாருங்க, பச்சையோ சிவப்போ நீலமோ தெளிவா இருந்தா கூலண்ட், டிகாஷன் மாதிரி இருந்தா வெறும் தண்ணியும் துருவும்.

மூடிய நல்லா இறுக்கி மூடிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, ஹீட்டர் லீவர் முழு சூட்டுல இருக்கட்டும், புளோவர் ஆஃப்ல இருக்கட்டும். ரேடியேட்டரோட மேல் ஹோஸை கையால தொட்டுக்கிட்டே இருங்க, ஃபேன் பக்கம் கையோ துண்டோ போகாம பாத்துக்கங்க, எலக்ட்ரிக் ஃபேன் சொல்லாம கொள்ளாம சுத்தும். தெர்மோஸ்டாட் நல்லா இருந்தா அந்த ஹோஸ் ரொம்ப நேரம் ஜில்லுன்னே இருக்கும், இன்ஜின் பக்கம் கை வைக்க முடியாத அளவு சூடான பிறகும் ஹோஸ் ஆறிப்போயிருக்கும், அப்புறம் திடீர்னு ஒரு நிமிஷத்துக்குள்ள சுடும், அதுதான் வால்வ் திறக்கற நேரம். தெர்மோஸ்டாட் இல்லைன்னா, இல்ல திறந்தபடியே மாட்டிக்கிச்சுன்னா, ஸ்டார்ட் பண்ண கொஞ்ச நேரத்துலயே ஹோஸ் மெதுமெதுவா வெதுவெதுன்னு ஆகிட்டே வரும். ரெண்டுக்கும் வித்தியாசம் கைக்கு நல்லாவே தெரியும்.

அடுத்தது ஹீட்டர் ஹோஸ். இன்ஜின் பின்பக்க சுவத்துக்குள்ள, அதாவது டேஷ்போர்டு இருக்கற பக்கம், கட்டை விரல் தடிமன்ல ரெண்டு ஹோஸ் நுழையும். முதல்ல ரெண்டும் உள்ள போகுதான்னே பாருங்க. சிரிக்காதீங்க, கீழ ஊர்ல ஹீட்டர் கோர் லேசா ஒழுகினா அதை மாத்தாம ரெண்டு ஹோஸையும் வெளியவே ஒரு இரும்பு பைப்பால யூ மாதிரி சேத்து விட்டுடுவாங்க, இல்லைன்னா ஹோஸ் வாய்ல ஒரு போல்ட்டை சொருகி கிளாம்ப் போட்டு இறுக்கிடுவாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி கோயம்புத்தூர்ல இருந்து வந்த ஒரு வண்டிய அப்படித்தான் பாத்தேன், மூணு மெக்கானிக் பாத்து ஹீட்டர் கன்ட்ரோல், புளோவர்னு மாத்தி பணம் வாங்கிருந்தாங்க, யாருமே அந்த போல்ட்டை பாக்கல. துருப்பிடிச்சு ஹோஸோட கலர்லயே இருந்துச்சு, நானே விரலால தடவும்போது முனை குத்தித்தான் கண்டுபிடிச்சேன். உங்க வண்டில அப்படி இருந்தா அதுக்கு காரணமா கோர் ஒழுகிருக்கும், அப்ப மட்டும் மெக்கானிக் சொன்னது சரி, டேஷ்போர்டை இறக்கித்தான் ஆகணும்.

ஹோஸ் ரெண்டும் ஒழுங்கா உள்ள போனா, ஊசி ஏறின அளவுக்கு ஏறின பிறகு ரெண்டையும் தொட்டு பாருங்க. ரெண்டும் நல்லா சுட்டா தண்ணி ஓட்டம் சரி, பிரச்சனை காத்து பக்கம், அதாவது லீவர்ல இருந்து போற கேபிள் கிளிப்ல இருந்து கழண்டிருக்கும், இல்ல உள்ள காத்தை திருப்பற கதவு மாட்டிருக்கும். லீவரை தள்ளும்போது ஒரு எதிர்ப்புமே இல்லாம வழுக்கிட்டு போனா கேபிள்தான், காலடில படுத்து டார்ச் அடிச்சு பாத்தா தெரிஞ்சிடும், அஞ்சு நிமிஷ வேலை. ஒண்ணு சுட்டு ஒண்ணு ஜில்லுன்னு இருந்தா மூணு காரணம்: ஹீட்டருக்கு தண்ணி விடற வால்வ் இருக்கற வண்டில அது மூடின நிலையில துருப்பிடிச்சு நின்னிருக்கும், கீழ ஊர்ல அஞ்சாறு வருஷம் யாரும் அந்த லீவரை தொட்டே இருக்க மாட்டாங்க, இல்லைன்னா கோர் அடைப்பு, இல்லைன்னா ஏர்லாக், அதாவது உள்ள காத்து மாட்டி தண்ணி ஓட்டத்தை தடுக்கறது. ரெண்டுமே வெதுவெதுன்னு மட்டும் இருந்தா மறுபடி தெர்மோஸ்டாட்டுக்கே வாங்க.

உங்க ஊசி கதையை வச்சு பாத்தா நீங்க இங்கதான் வந்து நிப்பீங்கன்னு நினைக்கறேன். மேல் ஹோஸ் இன்ஜின்ல போய் சேர்ற இடத்துல ரெண்டு மூணு போல்ட் போட்ட ஒரு அலுமினிய மூடி இருக்கும், அதுக்குள்ளதான் தெர்மோஸ்டாட். புதுசு சில நூறு ரூபாய்தான், கேஸ்கெட்டும் சேத்து வாங்குங்க. உங்க மாடலுக்கு கம்பெனி என்ன டிகிரி போட்டிருக்கோ அதையே கேட்டு வாங்குங்க, கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்"னு சொன்னா கேக்காதீங்க, அது மேலயே நம்பர் அச்சடிச்சிருக்கும். குப்பி இருக்கற பக்கம் இன்ஜினை பாத்து இருக்கணும், தட்டு மேல ஒரு குட்டி ஓட்டையும் அதுல ஆடற பின்னும் இருந்தா அது மேல்பக்கமா வரணும், காத்து வெளிய போறதுக்குத்தான் அது.

மாட்டறதுக்கு முன்னாடி பாத்திரத்துல தண்ணி வச்சு டெஸ்ட் பண்ணணும், புதுசையும் பண்ணுங்க. நூல்ல கட்டி தொங்க விடுங்க, பாத்திரத்தோட அடிய தொடக்கூடாது. இங்க மலைல ஒரு விஷயம் இருக்கு. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல இருக்கு, இங்க தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிடும், பருப்பு வேகறதுக்கு நேரமாகுதுன்னு வீட்ல சொல்லிருப்பாங்களே அதே காரணம்தான். 82 போட்ட தெர்மோஸ்டாட் 82ல திறக்க ஆரம்பிச்சு முழுசா திறக்கறதுக்கு 95 கிட்ட வேணும். அப்ப ஊட்டி அடுப்புல கொதிக்கற தண்ணில அது முழுசா திறக்காது, முக்கால்வாசிதான் திறக்கும். 88 போட்டது கொஞ்சூண்டு வாயைத் திறந்துட்டு நின்னுடும். அதைப் பாத்துட்டு டிஃபெக்ட்டுன்னு கடைல போய் சண்டை போட்டவங்க இருக்காங்க. திறக்க ஆரம்பிக்குதா, வெளிய எடுத்து ஆறினதும் கிச்சுன்னு முழுசா மூடுதா, இது ரெண்டு மட்டும் பாத்தா போதும்.

இதே காரணத்தாலதான் ரேடியேட்டர் மூடியும் மலைல ரொம்ப முக்கியம். மூடி நல்லா இருந்தா உள்ள அழுத்தம் ஏறி கொதிக்கற அளவு இருபது டிகிரிக்கு மேல கூடும். ரப்பர் வெடிச்ச மூடியோட வெறும் தண்ணில புது தெர்மோஸ்டாட்டை போட்டு ஏத்தம் ஏறினா தண்ணி கொதிச்சிடும், அப்புறம் நீங்க தெர்மோஸ்டாட்டைத்தான் திட்டுவீங்க. மூடியையும் சேத்து மாத்திடுங்க, அதே நம்பர் போட்டதா. அப்புறம் கீழ ஊர்ல எதுக்காக தெர்மோஸ்டாட்டை எடுத்தாங்களோ அந்த அடைப்பு இன்னும் ரேடியேட்டர்ல இருக்கும்ல, அதனால ரேடியேட்டரை சுத்தம் பண்ணாம, ஃபேன் ஓடுதான்னு பாக்காம தெர்மோஸ்டாட்டை மட்டும் போட்டுட்டு மேட்டுப்பாளையம் வெயிலுக்கு இறங்கிடாதீங்க.

கோர் அடைப்பா இருந்தாலும் உடனே மாத்தணும்னு இல்ல. ரெண்டு ஹோஸையும் கழட்டி, தண்ணி வெளிய வர்ற பக்கமா தோட்டத்து டியூபை வச்சு மெதுவா தண்ணி விடுங்க, எதிர்திசைல. முதல்ல செங்கல் தூள் கரைச்ச மாதிரி வரும், அப்புறம் கட்டி கட்டியா, சில வண்டில மஞ்சளா ஒரு சேறு வரும். அது மஞ்சள் தூள் தம்பி, நிஜமாவே சமையல் மஞ்சள் தூள்தான், ரேடியேட்டர் ஒழுகினா வழில அடைக்கறதுக்கு லாரிக்காரங்க போடற பழைய வைத்தியம். ஒழுகற ஓட்டைய அடைக்கும், கூடவே ஹீட்டர் கோரோட மெல்லிசு குழாயையும் அடைச்சிடும். கடைல விக்கற லீக் அடைக்கற பவுடரும் அதே வேலையத்தான் பண்ணும், பழைய வண்டில போடாதீங்க. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் விடுங்க. கம்ப்ரஸர் காத்தை மட்டும் வைக்காதீங்க, இருபது வருஷ கோர் தாங்காது, நல்லா இருந்ததும் வெடிச்சிடும்.

கோர் நிஜமாவே ஒழுகுதான்னு எப்படி தெரியும்னா, முன் சீட்டுல உக்காரறவங்க கால்மிதி நனையும், ஹீட்டரை போட்டா இனிப்பா ஒரு வாடை வரும், கண்ணாடி உள்பக்கம் துடைக்க துடைக்க எண்ணெய் தடவின மாதிரி படலம் வந்துட்டே இருக்கும். இது மூணும் இல்லாம ஒருத்தர் கோர் ஒழுகுதுன்னு சொன்னா எங்க ஒழுகுதுன்னு காட்டச் சொல்லுங்க.

எல்லாம் மாட்டின பிறகு ஏர்லாக் எடுக்கணும், இதை அவசரத்துல விட்டுடறாங்க. டேஷ்போர்டுக்கு பின்னாடி களக் களக்னு தண்ணி ஓடற சத்தம் கேட்டா உள்ள காத்து இருக்கு. ஊட்டில இதுக்கு இடத்துக்கா பஞ்சம், மூக்கு மேட்டை பாத்து இருக்கற மாதிரி ஒரு ஏத்தத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு பின் சக்கரத்துக்கு கல் வச்சு, ரேடியேட்டர் மூடிய இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போதே திறந்து வச்சு, ஹீட்டர் முழு சூட்டுல, ஐடில்ல விடுங்க. குமிழ் குமிழா வரும், மட்டம் இறங்க இறங்க ஊத்துங்க, ஆறியிருக்கற வரைக்கும் மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்க, குமிழ் நின்னதும், தண்ணி கொதிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மூடிடுங்க. குமிழ் நிக்கவே மாட்டேங்குது, கூலண்ட்டும் தினம் குறையுது, சைலன்சர்ல இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகைன்னா அது ஹெட் கேஸ்கெட், அப்ப வண்டிய ஓட்டாதீங்க. நிக்கும்போது ஜில்லுன்னு, ரேஸ் பண்ணா மட்டும் சூடு வருதுன்னா தண்ணி குறைவு, இல்ல வாட்டர் பம்ப் உள்ள இறக்கை துருல தின்னு போயிருக்கும்.

ஊத்தறது கூலண்ட்டா இருக்கட்டும். தண்ணி கலந்தே வர்றதை வாங்கினா அப்படியே, கெட்டியா வர்றதை வாங்கினா டிஸ்டில்டு வாட்டர்ல பாதிக்குப் பாதி. தை மாசம் தலைகுந்தா பக்கம் புல்லு வெள்ளையா உறைஞ்சு கிடக்கறதை பாத்திருப்பீங்க, அந்த குளிர்ல வெறும் தண்ணி நம்பிக்கையில்ல, துருவும் பிடிக்கும். பழசை இறக்கும்போது பக்கெட்ல பிடிங்க, தரைல விடாதீங்க. அது இனிப்பா இருக்கும், தெரு நாய் நக்கிடும், அதுக்கு விஷம். எங்க பட்டறை நாய் ஒண்ணு அப்படித்தான் போச்சு.

புளோவரே ஓடலைன்னா அது வேற, ஃபியூஸை பாருங்க, ஃபியூஸுக்கு பதிலா கம்பிய சுத்தாதீங்க. கடைசி ஸ்பீடுல மட்டும் ஓடினா, ஸ்பீடை குறைக்கற ரெசிஸ்டர் போயிருக்கும். காத்து கம்மியா வந்தா வைப்பருக்கு கீழ இருக்கற ஜல்லடைல இலை அடைச்சிருக்கும், மலைல எலி கூடு கூட கட்டிருக்கும்.

வேலை முடியற வரைக்கும் கண்ணாடி ஆவிக்கு என்ன பண்றதுன்னா, காத்து லீவரை உள்காத்துல இருந்து வெளிக்காத்துக்கு மாத்துங்க, கண்ணாடி பக்கம் திருப்புங்க, பக்கத்து ஜன்னலை ரெண்டு விரல் இறக்குங்க, ஏசி இருந்தா குளிரா இருந்தாலும் போடுங்க, காத்துல இருக்கற ஈரத்தை அது எடுத்துடும். ஒரு கைல துணி, ஒரு கைல ஸ்டியரிங்னு வளைவுல ஓட்டறதை தினம் பாக்கறேன், பிள்ளைய வச்சுக்கிட்டு அப்படி பண்ணாதீங்க, ஓரமா நிறுத்தி துடைச்சிட்டு போங்க. குளிருதேன்னு கரி அடுப்பு, கேஸ் அடுப்பு எதையும் வண்டிக்குள்ள வைக்கவே கூடாது, அந்தப் புகைல வாடையே தெரியாம உயிர் போயிடும். லாரிக்காரங்க ரேடியேட்டர் முன்னாடி அட்டை வைக்கறாங்களே நாமளும் வைக்கலாமான்னு கேப்பீங்க, பாதிய மறைச்சு ஊசிய பாத்துக்கிட்டே ஓட்டினா நாலு நாளைக்கு சமாளிக்கலாம், கீழ இறங்கறதுக்கு முன்னாடி மறக்காம எடுத்துடணும்.

அந்த மெக்கானிக்கிட்ட போய் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, "அண்ணே, முதல்ல அந்த அலுமினிய மூடிய ஒரு தடவை கழட்டி காட்டுங்க"ன்னு. போல்ட்டு துருப்பிடிச்சிருந்தா முறுக்கி உடைச்சிடாம ஆயில் விட்டு ஊற வச்சு கழட்டச் சொல்லுங்க. உள்ள காலியா இருந்தா அங்கயே உங்க நாலு நாள் வேலை ஒரு மணி நேரமாயிடும். போட்டு முடிச்சதும் குன்னூர் வரைக்கும் இறங்கி ஏறிட்டு வாங்க, ஊசி இறக்கத்துல விழாம நடுவுல நின்னுச்சான்னும், ஹீட்டர் ஹோஸ் ரெண்டும் எப்படி இருந்துச்சுன்னும் எழுதுங்க, அதுக்கு மேல என்னன்னு சொல்றேன்.